நின்ற கோலத்தில் ஒரு சம்பந்தம்

"ஏமண்டி, போதும் எந்திரிங்க! அவங்க தெனாலியை விட்டுக் கிளம்பிட்டாங்களாம்!"

மாணிக்யம்மா குளியலறைக் கதவைத் தட்டும் சத்தம், ஆற்றுக்கு அக்கரையில் யாரோ துணி துவைப்பதுபோல் ஆஞ்சநேயுலுவின் காதில் விழுந்தது. நீல நிற பிளாஸ்டிக் டப்பில், உப்புக் கலந்த வெந்நீரில் அவர் உட்கார்ந்திருந்தார். இந்தப் பூமியில் இப்போதைக்கு அவரால் உட்கார முடிந்த ஒரே இடம் அதுதான். ஜன்னல் கம்பி வழியாக வந்த வெயில் தண்ணீரில் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. வலி மாத்திரை வேலையை ஆரம்பித்திருந்தது. அது ஆரம்பித்துவிட்டால் உலகத்தில் கூர்மையானது என்று ஒன்றுமே இருக்காது. சுவர், கதவு, மாணிக்யம்மாவின் குரல், எல்லாமே இலவம்பஞ்சு.

"யாரு?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"யாரா? நல்லா கேட்டீங்க போங்க! நம்ம பொண்ணை எடுக்கப் போறவங்க. வீரராகவய்யாவும் அவர் சம்சாரமும்."

"அவங்க அடுத்த வாரம்ல வராங்க?"

"நாளையிலிருந்து மூடமாம். சுக்கிரன் மறைஞ்சுடுதாம். அப்புறம் மாசக்கணக்கா நல்ல நாளே கிடையாதாம். அதுக்குள்ள பையன் ஜெர்மனிக்குப் பறந்துடுவான். இன்னிக்கே தாம்பூலம் மாத்திக்கலாம்னு போன் பண்ணாங்க. நானும் சரின்னுட்டேன்."

ஆஞ்சநேயுலுவின் கண் திறந்துகொண்டது. தாம்பூலம் மாற்றுவது என்றால் எங்கள் குண்டூர்ப் பக்கம் சும்மா கையில் கொடுத்துக் கையில் வாங்குவது இல்லை. பெண்ணைப் பெற்றவரும் பையனைப் பெற்றவரும் எதிரெதிரே பலகை போட்டு, சம்மணம் கட்டி உட்கார வேண்டும். புரோகிதர் இரண்டு பக்கத்து வம்சத்தையும் ஆதியிலிருந்து சொல்லி முடிக்கும்வரை அசையக் கூடாது.

"பலகையிலயா உக்காரணும்?"

"பலகையிலதான்."

"மரப்பலகையா?"

"பின்ன, பஞ்சுப் பலகையா? எந்திரிங்கன்னா!"

ஆஞ்சநேயுலு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் பலகை போய்விடும் என்று அந்த மாத்திரை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மிளகாய் மண்டியில் பிறந்து மிளகாய் மண்டியில் வளர்ந்த மனுஷன். இட்லிக்குப் பச்சைமிளகாய், மோர்சாதத்துக்குப் பச்சைமிளகாய், சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் மிளகாய் பஜ்ஜி. "காரத்துக்குப் பயந்தவனுக்குக் குண்டூர்ல என்ன வேலை?" என்று மண்டியில் எத்தனையோ வெளியூர் வியாபாரிகளைக் கேலி பண்ணியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவருக்கு மூலம் வந்தால் வெளியே சொல்ல முடியுமா? ஸ்ரீசைலம் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, விஜயவாடாவில் ஒரு டாக்டரிடம் போய்க் குப்புறப் படுத்து அறுத்துக்கொண்டு, வாடகைக் காரின் பின்சீட்டில் பக்கவாட்டில் படுத்தபடியே வீடு வந்து சேர்ந்திருந்தார். டாக்டர் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் இன்னமும் அவருடைய தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தன. "அவசரப்படாதீங்க. முக்காதீங்க. மெதுவா, தானா வரும்."

விஷயம் தெரிந்தவர்கள் மாணிக்யம்மாவும் மகள் ஹிமபிந்துவும் மட்டும்தான்.

ஹிமபிந்து பாங்க்கில் வேலை பார்க்கிறாள். பார்க்க வந்த பையன்களையெல்லாம் வரிசையாக வேண்டாம் என்று சொன்னவள். ஒருவன் சிரித்தால் கண் சிரிக்கவில்லை என்பாள், இன்னொருவன் தன் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான் என்பாள். மாணிக்யம்மா போகாத கோயில் இல்லை. அப்படிப்பட்டவள் போன வாரம் தெனாலிப் பையன் தரகரோடு மட்டும் வந்துவிட்டுப் போனதும், "நைனா, இவர் பரவாயில்ல" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆஞ்சநேயுலுவுக்கு அன்றைக்கு இருந்த வலியெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆனால் பையனின் அப்பாவைப் பற்றித் தரகர் சொல்லியிருந்த கதைகள்தான் பயமுறுத்தின. தெனாலியில் அரிசி ஆலை வைத்திருக்கிறார், பெரிய மீசை, பெரிய கோபம். ரேபல்லெயில் ஒரு வீட்டில் வாசலில் வரவேற்க ஆள் இல்லையென்று உள்ளே வந்தும் உட்காராமலேயே திரும்பிவிட்டாராம். சம்பந்தம் பேச வந்தவர் உட்காரவில்லை, கை நனைக்கவில்லை என்றால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அது மட்டுமில்லை, "உடம்பு விஷயத்துல ரொம்பக் கறாருங்க. எங்க வம்சத்துல ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சவனே கிடையாதுன்னு சொல்லிக்குவாரு" என்றும் தரகர் சொல்லியிருந்தார்.

"நைனா, நான் வேணா அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்று ஹிமபிந்து கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"என்னன்னு சொல்லுவ? எங்கப்பாவுக்கு அங்க தையல் போட்டிருக்குன்னா?" என்று மாணிக்யம்மா சீறினாள். "நாளைக்குக் கல்யாணப் பந்தல்ல எல்லாரும் இவர் முகத்தையா பாப்பாங்க? போடீ, போய்ப் புடவையைக் கட்டு."

அவர் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மாணிக்யம்மா கையில் ஒரு காவி வேட்டி இருந்தது. அந்த அம்மாவுக்கு மூளை எப்போதும் நெருப்பு மாதிரி வேலை செய்யும்.

"இதைக் கட்டுங்க. நீங்க தீட்சையில இருக்கீங்க."

"தீட்சையா? நான் சபரிமலைப் பக்கமே போனதில்லையே."

"இது ஆஞ்சநேய தீட்சை. ராமர் முன்னாடி ஆஞ்சநேயர் என்னிக்காவது சம்மணம் போட்டு உக்காந்தாரா? கையைக் கூப்பிக்கிட்டு நின்னாரா இல்லையா? உங்க பேரும் ஆஞ்சநேயுலு. நீங்களும் நிக்கறீங்க. முடிஞ்சுது."

"எதுக்குன்னு கேட்டா?"

"பொண்ணு கல்யாணத்துக்குன்னு சொல்லுவேன். தீட்சையில இருக்கறவரை யாரு குறுக்குக் கேள்வி கேப்பாங்க?"

யோசித்துப் பார்க்கப் பார்க்க அவருக்கு அது பிரமாதமாகத் தோன்றியது. தொளதொளவென்று வேட்டி. காரமில்லாத சாப்பாடு. தினம் மூன்று வேளை குளியல். செருப்பில்லாமல் மெதுவான நடை. ஒரு சாமியாருக்கும் மூலம் அறுத்தவருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை போலிருக்கிறதே என்று அவர் மாத்திரை மயக்கத்தில் வியந்துகொண்டார். நெற்றியில் குங்குமத்தையும் கழுத்தில் துளசி மாலையையும் மாணிக்யம்மா போட்டுவிட்டாள். கூடத்துத் தூணில் ஒரு தோளைச் சாய்த்து நின்றார். காற்று மண்டிப் பக்கமிருந்து அடித்தது. அதில் காய்ந்த மிளகாயின் நெடி லேசாக வந்தது. தன்னைப் பழைய சிநேகிதி ஒருத்தி தெருமுனையில் நின்று கூப்பிடுவதாக அவருக்குப் பட்டது.

கார் வந்து நின்றது.

டிரைவர் இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தான். முதலில் சுகுணாம்மா துள்ளி இறங்கினாள். குள்ளமாக, கலகலப்பாக இருந்தாள். அப்புறம் ஒரு கால் வெளியே வந்தது. அது தரையில் ஊன்றி நின்றது. வெகுநேரம் கழித்து இன்னொரு கால் வந்தது. கடைசியில் மீசையோடு வீரராகவய்யா முழுசாக வெளிப்பட்டார். டிரைவரின் காதில் ஏதோ கடுமையாகச் சொன்னார். டிரைவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். பெரியவர் வாசலிலிருந்து கூடம்வரை அடிமேல் அடி வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல் நடந்துவந்தார்.

"என்ன கம்பீரம்!" என்று தாம்பூலத்துக்காக வந்திருந்த புரோகிதர் சோமயாஜுலு மூக்கில் விரலை வைத்தார்.

"வாங்க வாங்க வதினா, வாங்க அண்ணய்யா," என்று மாணிக்யம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடினாள்.

ஆஞ்சநேயுலு சம்பந்தி முறை சொல்லிக் கைகூப்பினார். "வாங்க பாவகாரு. உக்காருங்க."

வீரராகவய்யா சோபாவைப் பார்த்தார். சோபாவில் பாம்பு படுத்திருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். "இருக்கட்டும்," என்றார்.

"நிக்கறீங்களே பாவகாரு."

"நீங்களும்தான நிக்கறீங்க."

"நான் வீட்டுக்காரன். நீங்க முதல்ல உக்காரணும்."

"வயசுல நீங்க பெரியவர் மாதிரித் தெரியுது. நீங்க முதல்ல."

"சேச்சே, பையனைப் பெத்தவர் நீங்க!"

"பொண்ணைப் பெத்தவர்தான்யா பெரியவர்!"

சுகுணாம்மா இதற்குள் சோபாவில் உட்கார்ந்து ஒரு ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்து அவள் கண்ணால் ஏதோ சொன்னாள். அவர் மீசையால் ஏதோ பதில் சொன்னார்.

சமையலறைக்குள் அம்மாவும் பொண்ணும் கூடினார்கள்.

"உக்கார மாட்டேங்கறாரேடீ! ரேபல்லெ கதைதான்டீ இது!"

"சோபா பழசுன்னு நினைக்கறாரோ என்னவோம்மா. அவங்க வீட்ல எல்லாம் பெரிய பெரிய சாமானா இருக்குமாம்."

உடனே மாடியிலிருந்து தேக்கு நாற்காலி இறங்கியது. கல்யாணச் சீராக வந்தது, முதுகில் சிங்க முகம் செதுக்கியது. இரண்டு பேர் தூக்கினால்தான் அசையும். அதைத் துடைத்து, வீரராகவய்யாவுக்கு நேர் எதிரே பொத்தென்று வைத்தார்கள்.

"அசல் தேக்கு அண்ணய்யா. இரும்பு மாதிரி இருக்கும். உக்காந்து பாருங்க," என்றாள் மாணிக்யம்மா.

வீரராகவய்யாவின் முகத்தில் இருந்த கொஞ்சம் ரத்தமும் வடிந்துபோனது. அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"கோபம் வந்துடுச்சும்மா," என்று ஹிமபிந்து கிசுகிசுத்தாள்.

"அப்ப ஊஞ்சல்தான். பெரிய மனுஷங்களை ஊஞ்சல்லதானே உக்கார வைக்கணும்? எனக்குத் தோணவே இல்ல பாரு!"

கூடத்து ஓரத்தில் சங்கிலியில் தொங்கிய ஊஞ்சல் பலகையை மாணிக்யம்மா புடவைத் தலைப்பால் துடைத்து, சும்மா ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினாள். பலகை கிரீச் கிரீச்சென்று முன்னும் பின்னும் போய் வந்தது. அது தன்னை நோக்கி வந்த ஒவ்வொரு முறையும் வீரராகவய்யா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை. "ராமா, ராமா," என்று உதடு முணுமுணுத்தது.

ஆஞ்சநேயுலு இதையெல்லாம் தூணில் சாய்ந்தபடி தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷர்கள் மெதுவாக அசைந்தார்கள். ஊஞ்சல் மெதுவாக ஆடியது. அவர் கிருஷ்ணா கால்வாயில் ஒரு எருமையாக நின்றுகொண்டிருந்தார். இடுப்புவரை வெதுவெதுவென்று தண்ணீர். எருமையை யாரும் உட்காரச் சொல்வதில்லை. எருமைக்கு யாரும் பெண்பார்க்க வருவதுமில்லை. எவ்வளவு நல்ல ஜென்மம் என்று அவர் நினைத்தார்.

"பாவகாரு!" என்று ஒரு குரல் அதட்டியது. "நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். உங்க வீட்ல நீங்க ஏன் நிக்கறீங்க?"

மாணிக்யம்மா பாய்ந்து வந்தாள். "அவர் தீட்சையில இருக்கார் அண்ணய்யா. ஆஞ்சநேய தீட்சை. பொண்ணு நல்ல இடத்துல போய்ச் சேரணும்னு நிக்கற விரதம். உக்காரவே மாட்டார்."

வீரராகவய்யா ஆஞ்சநேயுலுவை ஏற இறங்கப் பார்த்தார். காவி வேட்டியைப் பார்த்தார், துளசி மாலையைப் பார்த்தார். அந்தப் பெரிய மீசை துடித்தது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"பொண்ணுக்காக ஒரு மனுஷன் நிக்கறாரு! இதைப் பாத்துட்டு நான் உக்காந்தா எனக்கு நரகம்கூடக் கிடைக்காது. சுகுணா, கேட்டுக்கோ. இவர் நிக்கற வரைக்கும் நானும் நிப்பேன்!"

"ஆஹா!" என்றார் சோமயாஜுலு.

"ஐயையோ," என்றாள் மாணிக்யம்மா, வாய்க்குள்.

சோமயாஜுலு அவள் பக்கமாகக் குனிந்தார். "தெனாலியில இவரை மிஞ்சின ராம பக்தர் கிடையாதும்மா. பக்தியில வேற எவனும் முந்திட்டா இவருக்குத் தூக்கம் வராது. போட்டின்னு வந்துட்டா மலை மாதிரி நிப்பாரு. நீ கெடுத்துட்டியே."

சரி, சாப்பாட்டிலாவது சரிக்கட்டுவோம் என்று இலை போட்டார்கள். மாணிக்யம்மா காலையிலிருந்து அடுப்படியில் வெந்திருந்தாள். கோங்குரா, ஆவக்காய், பச்சைமிளகாய் போட்ட பப்பு, சிவப்பாக மினுங்கும் மிளகாய்ப்பழப் பச்சடி. குண்டூர் மரியாதை என்றால் விருந்தாளி கண்ணில் தண்ணீர் வர வேண்டும். சுகுணாம்மா, "அடடா, அடடா வதினா!" என்று உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டாள். வீரராகவய்யா தனக்காக மேஜைமேல் வைத்த இலையை நின்றபடியே குனிந்து பார்த்தார். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் இலைக்கும் தனக்கும் நடுவே கையைத் தடுப்பாக நீட்டினார்.

"வேண்டாம்."

"ஒரு வாய் அண்ணய்யா, ஒரே ஒரு வாய்!"

"வேண்டாம்மா. பசியில்ல."

உட்காரவில்லை. இப்போது கையும் நனைக்கவில்லை. ஹிமபிந்து கையில் நெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அவள் கண் கலங்குவதை ஆஞ்சநேயுலு பார்த்தார். அந்தப் பார்வை மாத்திரையையும் துளைத்துக்கொண்டு நேரே நெஞ்சில் போய் விழுந்தது. தனக்கென்று குழையக் குழையப் பிசைந்த தயிர்சாதக் கிண்ணத்தை அவர் கீழே வைத்துவிட்டார்.

வீரராகவய்யாவின் பார்வை அந்தக் கிண்ணத்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

"அது என்ன?"

"தீட்சைச் சாப்பாடு அண்ணய்யா. உப்பு உறைப்பு ஒண்ணும் இருக்காது. உங்களுக்குப் பிடிக்காது."

"குடும்மா அதை," என்றார். வாங்கி நின்றபடியே வழித்து வழித்துத் தின்றார். இன்னொரு கிண்ணம் கேட்டார். அதுவும் காலியானது. பையன் வீட்டுப் பெரிய மனுஷர் தன் சமையலைத் தள்ளிவிட்டு நோயாளிக் கஞ்சியைச் சாப்பிடுகிறாரே, இது சம்மதமா அவமானமா என்று புரியாமல் மாணிக்யம்மா தவித்தாள்.

"சோதிக்கறாரும்மா நம்மளை. எவ்வளவு பொறுக்கறோம்னு பாக்கறாரு," என்றாள் ஹிமபிந்து.

வெயில் சாய ஆரம்பித்தது. இரண்டு பெரிய மனுஷர்களும் கூடத்தின் இரண்டு தூணில் எதிரெதிரே சாய்ந்து, துவாரபாலகர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கால் மாற்றினால் இவரும் மாற்றினார். இவர் பெருமூச்சு விட்டால் அவரும் விட்டார். சுகுணாம்மா சோபாவில் ஒருக்களித்துச் சின்னத் தூக்கம் போட்டாள். மின்விசிறி சுற்றிய சுற்றில் ஆஞ்சநேயுலுவின் இமை மெல்ல மெல்ல இறங்கியது. மறுபடி கால்வாய். மறுபடி வெதுவெதுப்பு. இந்தத் தடவை எதிர்க்கரையில் இன்னொரு எருமை நின்றது. அதற்குப் பெரிய மீசை இருந்தது. அது மிகவும் துக்கமாக அவரைப் பார்த்தது. அதற்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"அவசரப்படாதீங்க," என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். "முக்காதீங்க. மெதுவா... தானா வரும்."

வீரராகவய்யா தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்.

"என்ன சொன்னீங்க சாமி?"

"எல்லாம் தானா வரும்," என்றார் ஆஞ்சநேயுலு, கண்ணை மூடியபடி. "வெந்நீர்தான் சொர்க்கம்."

"ஐயோ! என் மனசுக்குள்ள இருக்கறதை அப்படியே சொல்றாரே! சாமீ!" என்று வீரராகவய்யா கதறிக்கொண்டு அவர் காலில் விழப் போனார். பாதி குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுபோனார். "ராமா!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"பக்திப் பரவசம்!" என்று சோமயாஜுலு கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் அவருக்கும் ஒரு கவலை இருந்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "பெரியவங்களே, பக்தி இருக்கட்டும். நல்ல நேரம் முடியப் போகுது. இதை விட்டா நாளைக்கு மூடம். நின்னுக்கிட்டே தாம்பூலம் மாத்தினா அது சம்பந்தமாகாது, சந்தையில வெத்தல வாங்கின மாதிரிதான் ஆகும். ரெண்டு பேரும் பலகையில உக்காந்தே ஆகணும்."

"தீட்சை இருக்கே," என்றாள் மாணிக்யம்மா அவசரமாக.

"அதுக்கென்னம்மா பெரிய கஷ்டம்? தேங்காய் ஒண்ணு உடைச்சு, மந்திரம் சொல்லி, மாலையைக் கழட்டி தீட்சையை முடிச்சு வச்சுடறேன். விரதம் எதுக்காக எடுத்தாரோ அதுதான் கை கூடிடுச்சே!"

தான் கட்டின கதைக்கு இப்படி ஒரு பின்வாசல் இருப்பது மாணிக்யம்மாவுக்குத் தெரியாது. அவள் மறுப்பதற்குள் தேங்காய் உடைந்தது. சோமயாஜுலு ஏதோ முணுமுணுத்து, ஆஞ்சநேயுலுவின் கழுத்து மாலையைக் கழற்றி ஆஞ்சநேயர் படத்தில் மாட்டினார். "முடிஞ்சுது. இனி தாராளமா உக்காரலாம். அவர் உக்காந்தா நீங்களும் உக்காரலாம், வீரராகவய்யா காரு. உங்க சபதமும் தீந்துபோச்சு."

இரண்டு பலகைகள் வந்தன. பலாமரப் பலகை, மூலையில் பித்தளைக் குமிழ் வைத்தது. அவை கல் தரையில் டக் டக்கென்று விழுந்தன. நடுவே வெற்றிலைத் தட்டு.

மாத்திரையின் வேலை தீர்ந்துகொண்டிருந்தது. கால்வாய் வற்றிவிட்டது, எருமை போய்விட்டது. உலகம் மறுபடி மூலைகளோடும் முனைகளோடும் திரும்பி வந்துவிட்டது. ஆஞ்சநேயுலு பலகையைப் பார்த்தார். "கீழ உக்காரணும்னா மெத்துனு இருக்கணும், இல்லேன்னா பிரிஞ்சுடும், மறுபடி முதல்லேர்ந்து," என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னது கண்ணுக்கு முன்னால் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் இந்த மீசை வாசலைப் பார்த்து நடந்துவிடும். அறைக் கதவின் ஓரத்தில் ஹிமபிந்து நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பரிசு தரும் நாளில், தன் பெயரைக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று இதே மாதிரிதான் பாவாடை நுனியைச் சுற்றுவாள்.

"வேண்டாம் நைனா," என்று அவள் உதடு மட்டும் அசைந்தது.

அந்த வேண்டாம்தான் அவரை உட்கார வைத்தது. பெற்ற பெண் தனக்காகத் தன் மனசுக்குப் பிடித்தவனை விடத் தயாராக இருக்கிறாள். பிரிந்தால் பிரியட்டும் போ, தையல்தானே, மறுபடி போட்டால் போச்சு என்று அவர் பல்லைக் கடித்தார். அவருக்கு அழுகை வந்தது. அது வலி பயத்தில் வந்ததா, மகளை நினைத்து வந்ததா என்று அவருக்கே தெரியாது.

"வாங்க பாவகாரு," என்றார் கரகரத்த குரலில். "உக்காருவோம்."

வீரராகவய்யா பலகையைப் பார்த்தார். தூக்குமேடையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சுகுணாம்மா சோபாவை விட்டு எழுந்து நின்று, வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். "ஏமண்டி, வேண்டாங்க," என்றாள் தீனமாக.

போச்சு, பையன் வீட்டு அம்மாவே வேண்டாம் என்கிறாளே என்று மாணிக்யம்மா கதவில் சாய்ந்துவிட்டாள்.

"இரு சுகுணா," என்றார் வீரராகவய்யா. மீசையை ஒரு தடவை நீவினார். "நம்ம பையன் இந்தப் பொண்ணைத்தான் கட்டிக்குவேன்னு போன வாரத்துலேர்ந்து சோறு தண்ணி இல்லாம கிடக்கான். இவர் உக்காரும்போது நான் உக்காரலேன்னா அப்புறம் என்ன அப்பன் நான்? நடக்கறது நடக்கட்டும்."

இரண்டு பேரும் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்கள். எதற்கென்று தெரியாமலேயே ஆஞ்சநேயுலு இரண்டு கையையும் நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டார். நான்கு கையும் இறுகப் பின்னிக்கொண்டன. சோமயாஜுலு கண்ணை மூடி இரண்டு வம்சத்தின் முதல் ரிஷியிலிருந்து ராகமாக ஆரம்பித்தார். இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் விடாமல் பார்த்தபடி, முழங்காலை மடக்கி, அங்குலம் அங்குலமாக இறங்கினார்கள். பாதி வழியில் கால் நடுங்கியது. மூச்சு நின்றது. இரண்டு முகத்திலும் ஒரே வியர்வை, ஒரே மாதிரி பல்கடி. கோதாவில் மல்லுக்கட்டி இரண்டு பேர் உறைந்துபோன மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் வாசலில் கார் கிரீச்சென்று வந்து நின்றது. தடதடவென்று ஓடிவந்த டிரைவர் யேசுபாபுவின் கையில், வாத்துத் தலை வைத்த ஒரு மஞ்சள் நீச்சல் டியூப் புஸ்ஸென்று உப்பி நின்றது.

"உக்காந்துடாதீங்க சார், அப்படியே நில்லுங்க! பஞ்சர் ஒட்டிக் காத்தடிச்சுக் கொண்டாந்துட்டேன், மூலத் தையல் பிரியாம இருக்கணும்னா இதுமேலதான் உக்காரணும்னு டாக்டர் தலையில அடிச்சுச் சொன்னாரே, பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் போயிடும்னு நீங்க ஏன் சார் இப்படி உயிரை விடறீங்க?"